நெடுவரிசையின் அகலத்தை முடிவு செய்வது யார்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸில் அட்டவணைக்கு நாம் எழுதும் அகலம் ஒன்றாகவும், உலாவி திரையில் காட்டும் அகலம் வேறொன்றாகவும் இருக்கிறது என்பதே அந்த இடம். ஒரு கேள்விக்கான விடை அடுத்த கேள்விக்கு அடிப்படையாக அமைவதால், வந்த வரிசையை மாற்றி அடுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையில், முதல் நெடுவரிசையின் கட்டங்களுக்கு ‘விட்த்’ 200 பிக்சல் என்று கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் அது 263 பிக்சலாக விரிகிறது. இன்னொரு பக்கத்தில் 140 பிக்சலுக்குச் சுருங்குகிறது. இரண்டு பக்கங்களுக்கும் ஒரே சி.எஸ்.எஸ். கோப்புதான். பிழை உலாவியிலா, என்னிடமா?

பதில்: இருவரிடமும் இல்லை. அட்டவணைக் கட்டத்துக்கு நீங்கள் எழுதிய 200 என்பதை உலாவி ஒரு விருப்பமாகவே எடுத்துக்கொள்கிறது. சாதாரணப் பெட்டியான ‘டிவ்’ ஒன்றுக்கு 200 என்று எழுதினால், உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வழிந்தாலும் பெட்டி 200 ஆகவே நிற்கும். அட்டவணைக் கட்டம் அவ்வாறு நிற்க முடியாது. ஏனெனில் அதன் அகலம் அதற்கு மட்டும் சொந்தமானதன்று. மேலேயும் கீழேயும் உள்ள கட்டங்கள் அனைத்தும் அதே அகலத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்து நெடுவரிசைகளும் அதே இடத்திலிருந்துதான் தத்தம் பங்கைப் பெற வேண்டும். ஆகவே உலாவி முதலில் எல்லாக் கட்டங்களையும் அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே இடத்தைப் பங்கிடுகிறது.

அளக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிறது. முதலாவது குறைந்தபட்ச அகலம்: வரியை எங்கெல்லாம் மடக்கலாமோ அங்கெல்லாம் மடக்கிய பின்னும் உள்ளடக்கம் வழியாமல் இருக்கத் தேவையான அகலம். எழுத்து மட்டுமே உள்ள கட்டத்தில், மிக நீளமான ஒற்றைச் சொல்லின் அகலமே பெரும்பாலும் இந்த எண். இரண்டாவது அதிகபட்ச அகலம்: நாமாக இட்ட வரிமுறிவுகளைத் தவிர வேறெங்கும் மடக்காமல், உள்ளடக்கத்தை நீட்டி வைத்தால் வேண்டியிருக்கும் அகலம். ஒரு நெடுவரிசையிலுள்ள கட்டங்களின் குறைந்தபட்சங்களில் எது மிகப் பெரிதோ, அதுவே நெடுவரிசையின் குறைந்தபட்சம். அதிகபட்சமும் அவ்வாறே கணக்காகிறது. நீங்கள் எழுதிய 200, இன்றைய உலாவிகளில் அதிகபட்சத்தின் இடத்தில் போய் அமர்கிறது. குறைந்தபட்சத்தை அது தொடுவதில்லை. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் 263 பிக்சல் வேண்டிய, மடக்க முடியாத ஒரு சொல்லோ படமோ இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் இடம் போதாமல், குறைந்தபட்சத்தை நோக்கி நெடுவரிசை இறங்கியிருக்கிறது.

இடம் போதாதபோது எவ்வளவு இறங்கும் என்பதற்கு நெடுங்காலமாக ஒரு கணக்கு உண்டு. 1996 மே மாதம் டேவ் ராகெட் எழுதி வெளியான ஆர்.எஃப்.சி. 1942 என்ற ஆவணத்தில் அது விளக்கப்பட்டிருக்கிறது. இன்றும் அதன் அடிப்படை பழுதின்றி நிற்பதால் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். மூன்று நெடுவரிசைகளின் குறைந்தபட்சம் முறையே 60, 80, 100 என்றும், அதிகபட்சம் 100, 400, 200 என்றும் வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சங்களின் கூட்டுத்தொகை 240; அதிகபட்சங்களின் கூட்டுத்தொகை 700. கிடைத்திருக்கும் இடம் 470 பிக்சல். எல்லாருக்கும் குறைந்தபட்சத்தைக் கொடுத்த பின் 230 பிக்சல் மிஞ்சுகிறது. எல்லாரையும் அதிகபட்சத்துக்குக் கொண்டுபோக 460 பிக்சல் வேண்டும். மிஞ்சியது தேவையில் சரிபாதி. ஆகவே ஒவ்வொரு நெடுவரிசையும் தன் இரு எண்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பாதியைப் பெறுகிறது: முதலாவது 60 உடன் 20 சேர்ந்து 80, இரண்டாவது 80 உடன் 160 சேர்ந்து 240, மூன்றாவது 100 உடன் 50 சேர்ந்து 150. கூட்டினால் 470. அதிகமாக எழுத்து உள்ள நடு நெடுவரிசைக்கு அதிகப் பங்கு போவது தற்செயலானதன்று. அதிகம் மடங்க வேண்டியவருக்கு அதிகம் கொடுத்தால் அட்டவணையின் உயரம் குறையும் என்பதே அதன் நோக்கம்.

இடம் 240க்கும் குறைந்தால் கணக்கு நின்றுவிடுகிறது. அட்டவணை 240 பிக்சலோடு நின்று, தன்னைச் சூழ்ந்த பெட்டியிலிருந்து வெளியே நீள்கிறது. மாறாக அட்டவணைக்கு 100 சதவீத அகலம் கொடுத்து, இடம் 1400 பிக்சல் இருந்தால், கூடுதல் இடம் அதிகபட்சங்களின் விகிதத்தில் பகிரப்பட்டு, 200, 800, 400 என்று ஆகிறது. இங்கே ஒரு நெடுவரிசைக்கு மட்டும் நீங்கள் அகலம் எழுதியிருந்தால் கூடுதல் முழுவதும் மற்றவற்றுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தால் எல்லாமே நீளும். ‘எல்லா நெடுவரிசைக்கும் அகலம் கொடுத்தேன், ஒன்றுகூடப் பொருந்தவில்லை’ என்று வரும் கடிதங்களில் பலவற்றுக்கு இந்த ஒரு வரியே விடை.

விவரக்குறிப்பைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சி.எஸ்.எஸ். 2.1இன் 17ஆம் அத்தியாயத்தில் உள்ளடக்கத்தை அளந்து அகலத்தை முடிவு செய்யும் இந்தத் தானியங்கு முறைக்கு ஒரு வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதில் கட்டத்துக்கு எழுதிய அகலம் குறைந்தபட்சமாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் உலாவிகள் அந்த வழிமுறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்பதில்லை, வேறு வழியையும் கையாளலாம் என்று அதே அத்தியாயம் அனுமதி தந்துவிடுகிறது. நூலுக்கும் திரைக்கும் இடையே நீங்கள் காணும் வேறுபாடு அங்கிருந்து வருவது.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ‘டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்ட்’ எழுதினேன். எதுவும் மாறவில்லை. வேறோர் அட்டவணையில் எழுதியபோது, நான் கொடுத்த அகலங்கள் எல்லாம் போய் நெடுவரிசைகள் சம அளவாகிவிட்டன.

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணங்கள். முதல் அட்டவணைக்கு நீங்கள் ‘விட்த்’ எழுதியிருக்கமாட்டீர்கள். அட்டவணையின் அகலம் ‘ஆட்டோ’ ஆக இருக்கும்வரை, ஃபிக்ஸ்ட் என்று எழுதினாலும் உலாவி பழைய தானியங்கு முறையையே கையாளும். அட்டவணைக்கு 100 சதவீதம் என்றோ, 600 பிக்சல் என்றோ ஓர் அகலம் எழுதிய கணத்தில்தான் ஃபிக்ஸ்ட் என்னும் நிலைமுறை உயிர்பெறுகிறது.

இரண்டாவது அட்டவணையின் முதல் கிடைவரிசையைப் பாருங்கள். அங்கே மூன்று நெடுவரிசைகளையும் இணைத்து ஒரே தலைப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். நிலைமுறையில் உலாவி அகலங்களைத் தேடும் இடங்கள் இரண்டே: முதலில் நெடுவரிசைகளைக் குறிக்கும் ‘கால்’ டேக்குகள்; அவை இல்லையென்றால் முதல் கிடைவரிசையின் கட்டங்கள். இரண்டாவது கிடைவரிசையில் நீங்கள் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் அது படிக்கப்படுவதில்லை. முதல் வரிசையில் அகலம் எழுதாத ஓர் இணைந்த கட்டம் மட்டும் இருந்தால், எந்த நெடுவரிசைக்கும் அகலம் தெரியாது. தெரியாதவர்களுக்கு மிச்ச இடம் சமமாகப் பங்கிடப்படும். அட்டவணையின் தொடக்கத்தில் ‘கால்குரூப்’ ஒன்றை வைத்து, அதற்குள் நெடுவரிசைக்கு ஒரு ‘கால்’ என்று மூன்று எழுதி, அகலத்தை அங்கே கொடுத்துவிடுங்கள். தலைப்பு எப்படி மாறினாலும் கணக்குக் கலையாது.

நிலைமுறையில் உள்ளடக்கத்துக்கு வாக்குரிமை இல்லை என்பதை மறக்க வேண்டாம். நீளமான சொல் வந்தால் நெடுவரிசை விரியாது. சொல் பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறிவிடும்.

கேள்வி: ஒரு கட்டத்தில் நீண்ட இணைய முகவரி வந்ததால் அட்டவணை முழுவதும் கைப்பேசித் திரையைத் தாண்டிப் போகிறது. ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்டு’ எழுதியும் பயனில்லை. ஏன்?

பதில்: நானும் இதில் ஒரு முழு மாலையைச் செலவிட்டிருக்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட கிடைவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணையில், கடைசிப் பகுதியில் எங்கோ ஒரு கட்டத்தில் மட்டும், இடைவெளியோ இடைக்கோடோ இல்லாத ஒரு கோப்புப்பெயர் இருந்தது. அந்த ஒரு கட்டம் தன் நெடுவரிசை முழுவதன் குறைந்தபட்சத்தையும் உயர்த்தி, அதன் வழியாக அட்டவணையையும் அகலப்படுத்தியிருந்தது. நான் திரையில் தெரிந்த மேல் பகுதியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்-வேர்டு பயன்படாததற்குக் காரணம், அது செயல்படும் நேரம். சொல் பெட்டியை விட்டு வழியப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அது சொல்லை உடைக்கும். ஆனால் குறைந்தபட்ச அகலத்தை அளக்கும் நேரத்தில் அந்த உடைப்புகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆகவே உடைக்கப்படாத முழுச் சொல்லின் அகலமே குறைந்தபட்சமாகப் பதிவாகிறது. நெடுவரிசை அதற்கேற்ப விரிகிறது. விரிந்துவிட்ட நெடுவரிசையில் சொல் வழிவதே இல்லை. ஆகவே உடைக்கும் தேவையும் எழுவதில்லை. இதற்கு மாற்றாக ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ என்று எழுதினால், அளக்கும்போதே அந்த உடைப்புகளும் கணக்கில் சேர்கின்றன. இரண்டு மதிப்புகளுக்கும் திரையில் தெரியும் முதன்மையான வேறுபாடு இதுதான். சாதாரண பெட்டிகளில் அது கண்ணுக்கே தெரியாது, அட்டவணையில் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

ஆனால் எனிவேரை அட்டவணை முழுவதற்கும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் எல்லா நெடுவரிசைகளின் குறைந்தபட்சமும் ஏறத்தாழ ஓர் எழுத்தின் அகலத்துக்கு இறங்கிவிடும். குறுகிய திரையில் சிறு சொற்கள்கூட எழுத்தெழுத்தாகச் செங்குத்தாக இறங்கும். ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களில் இந்தக் காட்சி இன்னும் வருத்தம் தருவது. ‘அனுப்பப்பட்டிருக்கின்றன’ என்ற சொல் ஐந்தாறு துண்டுகளாகக் கிடப்பதைப் படிக்க யாராலும் இயலாது. முகவரி வரும் நெடுவரிசையின் கட்டங்களுக்கு மட்டும் எனிவேர் கொடுத்து, அதே கட்டங்களுக்கு ஒரு ‘மின்-விட்த்’தும் எழுதுங்கள். கட்டங்களில் மின்-விட்த் என்ன செய்யும் என்பதைச் சி.எஸ்.எஸ். 2.1 வரையறுக்காமல் விட்டிருந்தாலும், இன்றைய உலாவிகள் அதை மதிக்கின்றன.

எதைச் செய்தாலும் அகலம் அடங்காத அட்டவணைகளும் உண்டு. அவற்றை ஒரு டிவுக்குள் வைத்து, அந்த டிவுக்கு ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ’ கொடுத்தால், பக்கம் அசையாமல் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும். அட்டவணைக்கே ‘டிஸ்ப்ளே: பிளாக்’ கொடுத்து இதைச் சாதிக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை, திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு அது அட்டவணை என்ற செய்தியே போய்ச் சேராமல் போகலாம்.

கேள்வி: கடைசி நெடுவரிசையில் ஒரு பொத்தான் மட்டும் இருக்கிறது. அந்த நெடுவரிசை பொத்தானின் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும், மற்ற இடம் முழுவதும் விளக்கத்துக்குப் போக வேண்டும். பிக்சல் எண் எழுதாமல் முடியுமா?

பதில்: முடியும். அந்தக் கட்டங்களுக்கு ‘விட்த்: 1 சதவீதம்’, ‘ஒயிட்-ஸ்பேஸ்: நோராப்’ என்ற இரண்டையும் எழுதுங்கள். அட்டவணை 900 பிக்சல் அகலம் என்றால் 1 சதவீதம் என்பது 9 பிக்சல். பொத்தானுக்கு 80 பிக்சல் வேண்டும். நோராப் எழுதியதால் மடக்கும் இடமே இல்லாமல், குறைந்தபட்சமும் அதிகபட்சமும் 80 என்ற ஒரே எண்ணாகிவிடுகின்றன. 9 என்ற விருப்பம் 80 என்ற குறைந்தபட்சத்தின் முன் நிற்காது. நெடுவரிசை சரியாக 80 பிக்சலில் நிற்கும். மிச்சமுள்ள 820 பிக்சல் மற்றவற்றுக்குப் போகும்.

அட்டவணைக்கு அகலமே எழுதாதபோது இதே விதி ஒரு வியப்பைத் தரும். தன் 1 சதவீதம் 80 பிக்சலாக இருக்க வேண்டுமென்றால் அட்டவணை 8000 பிக்சல் இருக்க வேண்டும் என்று உலாவி பின்னோக்கிக் கணக்கிடுகிறது; அவ்வளவு இடம் இல்லாததால் கிடைக்கும் இடம் முழுவதையும் அட்டவணை எடுத்துக்கொள்கிறது. உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்கியிருந்த அட்டவணை, ஒரு சதவீதம் எழுதியவுடன் திடீரென்று முழு அகலத்துக்கு விரிவது இதனால்தான்.

கேள்வி: நீளமான விளக்கத்தை ஒரே வரியில் வைத்து, முடிவில் மூன்று புள்ளி காட்ட விரும்புகிறேன். ‘டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ: எலிப்சிஸ்’ டிவில் வேலை செய்கிறது, அட்டவணைக் கட்டத்தில் செய்வதில்லை.

பதில்: மூன்று புள்ளி தோன்ற வேண்டுமென்றால் எழுத்து வழிய வேண்டும். தானியங்கு முறையில் கட்டம் விரிந்துகொடுப்பதால் எழுத்து வழிவதில்லை. நிலைமுறைக்கு மாறி, அட்டவணைக்கு அகலமும் கொடுத்தால் சரியாகிவிடும். கட்டத்துக்கு ‘மேக்ஸ்-விட்த்: 0’ எழுதும் குறுக்குவழி பல இடங்களில் புழங்குகிறது; அது வேலையும் செய்கிறது. இருந்தாலும் சி.எஸ்.எஸ். 2.1 கட்டங்களின் மேக்ஸ்-விட்த்தையும் வரையறுக்காமல் விட்டிருக்கிறது என்பதால், நெடுவரிசை அகலங்களை முன்கூட்டியே சொல்ல முடியும் என்றால் நிலைமுறையையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: இரண்டு டிவுகளுக்கு ‘டிஸ்ப்ளே: டேபிள்-செல்’ கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவை முழு அகலத்தை நிரப்பவில்லை. இரண்டின் எழுத்தும் உயரத்தில் ஒத்துப்போகவும் இல்லை.

பதில்: கட்டம் இருந்தால் கிடைவரிசை இருக்க வேண்டும், கிடைவரிசை இருந்தால் அட்டவணை இருக்க வேண்டும். நீங்கள் எழுதாத அவ்விரண்டையும் உலாவி தானாகவே உருவாக்கிக்கொள்கிறது. பெயரில்லாத அந்த அட்டவணைக்கு அகலம் ‘ஆட்டோ’. ஆகவே அது உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்கிக்கொள்கிறது. உங்கள் சி.எஸ்.எஸ்.ஸால் அதைத் தொட முடியாது. சூழ்ந்திருக்கும் டிவுக்கு ‘டிஸ்ப்ளே: டேபிள்’, ‘விட்த்: 100 சதவீதம்’ எழுதினால் அட்டவணை உங்கள் கைக்கு வரும். அந்த டிவுக்கு எல்லைக்கோடு இருந்தால் ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். எச்.டி.எம்.எல். அட்டவணைக்கு உலாவியின் இயல்பான விதிகள் அதைத் தந்துவிடுகின்றன, டிவுக்குத் தருவதில்லை. சேர்க்காவிட்டால் எல்லைக்கோட்டின் தடிமன் 100 சதவீதத்துக்கு மேல் கூடி வெளியே நீளும்.

எழுத்து ஒத்துப்போகாததற்கும் இதே போன்ற காரணம்தான். எச்.டி.எம்.எல். கட்டங்களில் உள்ளடக்கம் இயல்பாகவே நடுவில் நிற்கும். டிவ் கட்டங்களில் எழுத்துகள் அமர்ந்திருக்கும் கோட்டுக்கு ஏற்பச் சீராகும். ஒரு கட்டம் பெரிய படத்தோடு தொடங்கினால், அடுத்த கட்டத்தின் எழுத்து அந்தப் படத்தின் அடிக்கு இறங்கிப்போகும். கிடைவரிசையின் உயரமும் அதனால் கூடும். ‘வெர்டிகல்-அலைன்: டாப்’ என்று எழுதிவிடுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வெளியான 2009ஆம் ஆண்டு முதல் இந்த முறை பெரிய உலாவிகள் அனைத்திலும் இயங்கிவருகிறது. ஆனால் பக்க அமைப்புக்காக மட்டும் புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் சி.எஸ்.எஸ்.ஸின் பக்க அமைப்பு முறையான ‘கிரிட்’ பொருத்தமானது. அங்கேயும் குறைந்தபட்ச அகலம் உங்களைப் பின்தொடரும் என்பதை நினைவில் வையுங்கள்: மிச்ச இடத்தில் ஒரு பங்கு என்ற பொருளில் ‘1 எஃப்ஆர்’ என்று எழுதிய நெடுவரிசையும் தன் உள்ளடக்கத்தின் குறைந்தபட்சத்துக்குக் கீழே இயல்பாகச் சுருங்காது.

கேள்வி: கட்டத்துக்கு ‘ஹைட்’ 40 பிக்சல் கொடுத்தாலும் அது வளர்ந்துகொண்டே போகிறதே?

பதில்: கட்டத்தின் ஹைட் என்பது குறைந்தபட்ச உயரம் மட்டுமே. கிடைவரிசைக்கு எழுதிய உயரம், அதன் கட்டங்களுக்கு எழுதிய உயரங்கள், உள்ளடக்கத்துக்குத் தேவையான உயரம் ஆகியவற்றில் எது பெரிதோ அதுவே வரிசையின் உயரமாகும். நிலைமுறையும் அகலத்தை மட்டுமே கட்டுப்படுத்தும், உயரத்தைத் தொடாது. உயரத்தை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், கட்டத்துக்குள் ஒரு டிவ் வைத்து, உயரத்தையும் ஓவர்ஃப்ளோவையும் அந்த டிவுக்கு எழுதுங்கள்.

கேள்வி: பல ஆயிரம் வரிசைகள் உள்ள அட்டவணை. தலைப்பு மட்டும் நகராமல் நிற்க வேண்டும் என்பதற்காக அதைத் தனி அட்டவணையாக வைத்திருக்கிறேன். தலைப்பும் கீழுள்ள நெடுவரிசைகளும் ஓரிரு பிக்சல் விலகுகின்றன. தேடல் பெட்டியில் ஏதேனும் எழுதி வரிசைகளை வடிகட்டினால் அகலங்கள் துள்ளுகின்றன.

பதில்: இரண்டு அட்டவணைகள் என்றால் இரண்டு தனித்தனிக் கணக்குகள், உள்ளடக்கம் வேறு என்பதால் விடையும் வேறாகத்தான் வரும். இரண்டையும் ஒரே அட்டவணையாக்கி, தலைப்புக்கு ‘பொசிஷன்: ஸ்டிக்கி’, ‘டாப்: 0’ கொடுங்கள். முன்பு குரோமில் இதைத் தலைப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத வேண்டியிருந்தது. 2021 மே மாதம் வந்த குரோம் 91இல் அட்டவணைகளுக்கான கணக்கீட்டுப் பகுதி புதிதாக எழுதப்பட்டபோது, தலைப்புப் பகுதியைக் குறிக்கும் ‘டிஹெட்’டுக்கும் கிடைவரிசைக்கும் நேரடியாகவே எழுதும் வசதி வந்தது. நெடுவரிசை அகலங்களை முழு பிக்சல்களாக்கும் பழைய வழக்கம் போய், பிக்சலின் பின்னங்களும் கணக்கில் வந்தது அதே மாற்றத்தில்தான்.

துள்ளலுக்குக் காரணம், தானியங்கு முறை எல்லா வரிசைகளையும் பார்த்தே அகலத்தை முடிவு செய்வது. வடிகட்டும்போது மறையும் ஒரு வரிசையில் மிக நீளமான சொல் இருந்தால், அதோடு அந்த நெடுவரிசையின் குறைந்தபட்சமும் போய்விடுகிறது. வரிசைகளை ‘டிஸ்ப்ளே: நன்’ கொண்டு மறைப்பதற்குப் பதிலாக ‘விசிபிலிட்டி: கொலாப்ஸ்’ கொண்டு மறைத்தால், வரிசை பிடித்திருந்த உயரம் விடுபடும், ஆனால் நெடுவரிசைகளின் கணக்கில் அந்த வரிசை தொடர்ந்து இருக்கும். இதற்கெனவே வகுக்கப்பட்ட மதிப்பு அது. இதன் செயல்பாடு உலாவிக்கு உலாவி வேறுபட்டு வந்திருப்பதால், உங்கள் வாசகர்கள் பயன்படுத்தும் உலாவிகள் எல்லாவற்றிலும் சோதித்துப் பாருங்கள்.

உங்கள் அட்டவணையின் அளவுக்கு என் தேர்வு நிலைமுறையே. முதல் கிடைவரிசை வந்தவுடனேயே எல்லா அகலங்களும் முடிவாகிவிடுவதால், மற்ற வரிசைகள் வரும்வரை உலாவி காத்திருக்க வேண்டியதில்லை. புதிய வரிசைகள் சேரும்போது பழையவற்றை மறுபடி அளக்கவும் வேண்டியதில்லை. எந்த நெடுவரிசைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியவில்லையென்றால், உங்களிடமுள்ள தரவில் ஒரு பகுதியை ஒருமுறை தானியங்கு முறையில் ஓட்டிப் பார்த்து, உலாவியின் ஆய்வுக்கருவி காட்டும் அகலங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சதவீதமாக்கி ‘கால்’ டேக்குகளில் எழுதிவிடுங்கள்.